சிக்னல் டப்பாவும் நடந்துபோன வரப்பும்

பிரகதாம்பாள் கையில் இருந்தது வெடிகுண்டு இல்லை என்பதை நடுத்தெரு நம்புவதற்கு மூன்று நாள் ஆனது.

தெருவையும் குறை சொல்ல முடியாது. ஒரு பழைய சோப்பு டப்பா. அதிலிருந்து சிவப்பாக ஒரு வயர், கறுப்பாக ஒரு வயர். உள்ளே ஒரு பச்சை விளக்கு மின்னி மின்னி அணைகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், காலாண்டு விடுமுறையில் இப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தால், எதிர்வீட்டு ரெங்கம்மாள் எப்படிச் சும்மா இருப்பார்?

"என்னடி அது?"

"சிக்னல் ஜெனரேட்டர், பெரியம்மா. நானே செஞ்சேன்."

"அது என்ன பண்ணும்?"

"சிக்னல் கொடுக்கும்."

"எதுக்குக் கொடுக்கும்?"

"எதுக்கு வேணும்னாலும் கொடுக்கும்."

ரெங்கம்மாளுக்கு இந்தப் பதில் புரியவில்லை. ஆனால் தெருவுக்குப் போய்ச் சொல்ல இதுவே தாராளம். அன்று சாயங்காலமே, வீரையன் மகள் வீட்டு மாடியில் செல்போன் டவர் கட்டப் போகிறாள் என்று பேச்சு. மறுநாள் அவளுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள், ரெங்கம்மாள் வீட்டு டி.வி.யில் சீரியல் நடுவே கோடு விழுந்ததற்கும் அந்த டப்பாதான் காரணம் என்று முடிவானது.

விஷயம் இவ்வளவுதான். பாபநாசத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெஹராஜ் பேகத்திடம் ஒரு குட்டிப் போர்டு கிடைத்தது. பிஸ்கட் அளவு இருக்கும். இரண்டு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான். கம்பெனியில் செய்த சிக்னல் ஜெனரேட்டர் வேண்டுமென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு கன்றுக்குட்டியே வாங்கலாம்.

பிரகதாவின் அண்ணனுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் நாலு வரி புரோகிராம் எழுதி, ஒரு வயர் வழியாகப் போர்டுக்குள் அனுப்ப வேண்டும். 'நொடிக்கு ஆயிரம் தடவை ஆடு' என்று எழுதினால், மின்சாரத்தை அது ஆயிரம் தடவை ஆட்டி வெளியே விடும். ஸ்பீக்கரில் கொடுத்தால் 'பீஈஈ' என்று கேட்கும். வேறு மாதிரி எழுதினால் வேறு மாதிரி கத்தும்.

அவளுடைய அப்பா வீரையன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நெல்லு தூத்துமா?"

"தூத்தாதுப்பா."

"களை எடுக்குமா?"

"எடுக்காது."

"பீன்னு கத்துறதுக்கு இந்த வீட்டுல நீயே போதுமே பாப்பா. அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் காலையில் மோட்டார் நின்றுபோனது.

வீரையனுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். பக்கத்தில் காத்தாயிக்கு இரண்டு மா. நடுவில் ஒரே நீள வரப்பு. சாலை ஓரத்தில் மீட்டர் பெட்டி. வயலின் மறுகோடியில், வீரையன் நிலத்தில், போர்வெல்லும் மோட்டார் கொட்டகையும். இரண்டையும் இணைக்கும் கேபிள் மண்ணுக்குள் போகிறது.

அந்தக் கேபிளுக்கு ஒரு கதை உண்டு. காத்தாயியின் மாமனார் மருதையன் ஒரு காலத்தில் வீரையனின் அப்பாவிடம் கூலிக்கு உழுதவர். அப்புறம் சங்கம், ஊர்வலம், கோர்ட்டு என்று பதினோரு வருஷம் அலைந்ததில், அந்த இரண்டு மா அவர் பேருக்குப் பட்டா ஆனது. அதற்குப் பிறகு இரண்டு பெரியவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிய ஒரே விஷயம் இந்தக் கேபிள்தான். பொது வரப்பில் கேபிள் போகலாம், பதிலுக்குக் காத்தாயி வீட்டு வயலுக்கும் போர்த் தண்ணீர் பாயலாம் என்று பேசி முடித்தார்கள். யாருக்கும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று, ஊர் பார்க்க நூல் பிடித்து, வரப்பின் நட்டநடுவில் புதைத்தார்கள். இது நடந்து முப்பது வருஷம் ஆகிறது. தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது.

மூன்று நாள் அலைந்து கூப்பிட்ட பிறகு எலெக்ட்ரீஷியன் துரைராசு வந்து, தன் டெஸ்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கேபிள்லதான் கோளாறு. மூணு கம்பியில ஒண்ணு மண்ணுக்குள்ள அறுந்திருக்கு."

"எந்த இடத்துல?" என்றார் வீரையன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நின்னு தலையைச் சொறியறேன்? வரப்பு பூராத் தோண்ட வேண்டியதுதான்."

"தோண்டிருவோம்" என்று வீரையன் மண்வெட்டியைத் தூக்கினார்.

"வரப்புல மண்வெட்டி படக் கூடாது!"

பக்கத்து வயலிலிருந்து காத்தாயி வந்து நின்றாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். அவள் மாமனார் காலத்தில் வீரையன் வீட்டு ஆட்களைத் தலை குனிந்துதான் கூப்பிடுவார்கள். காத்தாயி 'அண்ணே' என்பாள். அதையும் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவாள்.

"அண்ணே, ஒவ்வொரு தடவையும் நீங்க வரப்புல மண்வெட்டி போட்டா, அது என் பக்கம் தள்ளி வந்துருது."

"நான் தள்ளுறேனா? நீதான் வருஷா வருஷம் சேத்தை அள்ளி அப்புறே!"

"நீங்க சீவிச் சீவி வரப்பு ஒல்லியாயிருது. மழைக்கு இடியுது. நான் சேறு அணைக்காம வேற யாரு அணைக்கிறது?"

"சர்வே வச்சு அளந்துருவோமா?"

"மனுக் கொடுத்து ரெண்டு வருசம் ஆச்சு. ஆளு வந்தா எனக்கும் சொல்லி அனுப்புங்க."

வீரையன் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "நாத்து வாடுது காத்தாயி. என் நாத்து மட்டுமா? உன் நாத்துந்தான்."

அது உண்மை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது. ஆனால் இந்த வாய்க்காலுக்கு முறை வர அடுத்த புதன்கிழமை ஆகும். இரண்டு நாற்றங்காலிலும் நாற்று ஒரு சாண் உயரம் நின்றது. நுனி மஞ்சளாகிவிட்டது. மண் பிளந்திருந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு நாள் தாங்கும்.

"வாடட்டும்" என்றாள் காத்தாயி. சொல்லும்போது தன் நாற்றங்காலைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். "நாத்து போனா மறுபடி விதை விடலாம். நெலம் போனா வருமா? ஒரே ஒரு குழி தோண்டிக்கங்க. எந்த இடம்னு சொல்லிட்டுத் தோண்டுங்க."

இருநூற்றெண்பது அடி வரப்பு. அதில் ஒரே ஒரு குழி. துரைராசு சத்தமில்லாமல் தன் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

பிரகதா வீட்டுக்கு வந்தாள். சோப்பு டப்பாவை எடுத்தாள். சும்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கம்பிக்குள் சிக்னலை அனுப்பினால் அது கம்பியோடு போகும். கம்பி அறுந்த இடத்தில் மண்ணில் இறங்கிவிடும். அதற்கு மேல் போகாது. மேலே நடந்துகொண்டே அந்தச் சிக்னலைக் காதால் கேட்க முடிந்தால்? எங்கே சத்தம் நிற்கிறதோ, அங்கே ஒரே ஒரு குழி.

சத்தம் கொடுக்க டப்பா இருக்கிறது. கேட்க ஒரு காது வேண்டும்.

ஒரு பெரிய இரும்பு போல்ட்டில், செத்துப்போன மின்விசிறியிலிருந்து எடுத்த செம்புக் கம்பியைச் சுற்றினாள். அறுநூறு சுற்று. முந்நூற்று நாற்பத்திரண்டில் ரெங்கம்மாள் வந்து "என்னடி சுத்துறே?" என்று கேட்டதால் எண்ணிக்கை விட்டுப்போய், குத்துமதிப்பாக முடித்தாள். அண்ணனின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைப் பிரித்து, உள்ளே இருந்த, சத்தத்தைப் பெரிதாக்கும் போர்டை அதோடு சேர்த்தாள். அதில் ஒரு இயர்போன். அண்ணன் கோயம்புத்தூரில் இருந்தான். தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. வயலில் ஒரு வேலையும் இல்லாதவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

"கரண்டு கேபிளை நீ தொடக் கூடாது பாப்பா. நான் கழட்டித் தர்றேன்" என்று துரைராசு சொன்னார். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றினார். அறுந்த கம்பியின் சாலைப் பக்கத்து முனையில் சிவப்பு வயரையும், மண்ணில் அடித்த ஒரு இரும்புக் கம்பியில் கறுப்பு வயரையும் அவரே மாட்டினார்.

பிரகதா டப்பாவை முடுக்கினாள். இயர்போனை மாட்டிக்கொண்டு, போல்ட்டைத் தரையோரம் பிடித்தபடி நடந்தாள்.

'ம்ம்ம்ம்ம்.'

பத்தடி போனாள். 'ம்ம்ம்ம்ம்.' ஐம்பதடி போனாள். 'ம்ம்ம்ம்ம்.' அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே மின்சார வாரியத்துக் கம்பிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த உறுமல்தான் எங்கே போனாலும் காதில் விழுந்தது. அவளுடைய 'பீஈஈ' அதற்குள் எங்கேயோ கரைந்து கிடந்தது.

"என்ன பாட்டுடி வருது?" என்றார் ரெங்கம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு பிரகதா டப்பாவோடு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் அம்மா ராஜாத்தி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பிரகதா ஏதோ சொன்னாள். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. கத்திச் சொன்னாள். அதுவும் விழவில்லை. அந்த நேரம் தெருமுனையில் மினி பஸ் திரும்பியது. 'டிட் டிட் டீஈஈ!'

அம்மா சட்டென்று மிக்ஸியை நிறுத்தினாள். "பத்தரை பஸ்ஸு போயிருச்சா? இன்னும் ஒண்ணும் ஆகலையே!"

பிரகதா அம்மாவையே பார்த்தாள். மிக்ஸி சத்தத்தில் மகள் கத்தியது கேட்கவில்லை. பஸ் மட்டும் எப்படிக் கேட்டது? பஸ் ஒன்றும் பிரமாதமாகக் கத்திவிடவில்லை. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. விட்டுவிட்டு வருகிறது. அதனால்தான் தனியாகத் தெரிகிறது!

புதிதாக ஒரு திருகு கூடத் தேவைப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து, எழுதியிருந்த நாலு வரியை ஒன்பது வரியாக்கினாள். டிட், கொஞ்சம் சும்மா இரு, டிட், கொஞ்சம் சும்மா இரு, டீஈஈ, இரண்டு நொடி சும்மா இரு, திரும்பவும் முதலிலிருந்து.

திரும்பிப் போகும்போது கையில் ஒரு கட்டுக் குச்சியும் எடுத்துக்கொண்டாள். சத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில், ஐந்து தப்படிக்கு ஒரு குச்சி.

துரைராசு வயர்களை மறுபடி மாட்டிக் கொடுத்தார். சாலை ஓரத்தில், சர்வே கல்லுக்குப் பக்கத்தில் முதல் குச்சி. 'ம்ம்ம்' இப்போதும் இருந்தது. ஆனால் அதற்கு நடுவே தெளிவாக, 'டிட் டிட் டீஈஈ'. இரண்டாவது குச்சியும் மூன்றாவது குச்சியும் வரப்பின் நடுவில் நின்றன. நான்காவது ஓரமாகப் போனது. ஐந்தாவது இடத்தில் வரப்பின் மேல் சத்தம் தேய்ந்துபோனது.

'நம்ம வரப்பைத் தின்னுட்டா' என்று அப்பா சொல்லிச் சொல்லியே வளர்ந்த பெண் அல்லவா? முதலில் காத்தாயியின் பக்கம்தான் இறங்கிப் பார்த்தாள். சத்தம் இன்னும் தேய்ந்தது. ஓரடி தள்ளினாள். போயே போய்விட்டது.

ஏறி, தன் வயலின் பக்கம் இறங்கினாள். 'டிட் டிட் டீஈஈ!' பஸ் காதுக்குள்ளேயே வந்து நின்றது.

அங்கேயே நின்றுவிட்டாள். தாத்தா நடு வரப்பில் புதைத்த கேபிள் இப்போது அவர்களுடைய வயலுக்குள் கிடக்கிறது. கேபிள் நகராது. அப்படியானால் நகர்ந்தது வரப்பு. அதுவும் காத்தாயியின் நிலத்துக்குள்.

இயர்போன் அவள் காதில்தான் இருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வீரையன் பக்கத்தில் வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாய் அசையாமல் பேசினார். "பாப்பா, அறுந்த இடத்துல மட்டும் ஒரு குச்சி நட்டாப் போதும். வழியெல்லாம் எதுக்கு?"

"கேபிள் இங்கதாம்பா போவுது."

"மெஷினு தப்பாச் சொல்லுது."

"இது தப்புன்னா, அறுந்த இடமும் தப்பாத்தான் சொல்லும். அப்ப எதை நம்பிக் குழி தோண்டுறது?"

வீரையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பின்னால் துரைராசுவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பிரகதா ஐந்தாவது குச்சியைத் தங்கள் வயலுக்குள், வரப்பிலிருந்து தள்ளி நட்டாள். ஆறாவது இன்னும் தள்ளி. எட்டாவது குச்சிக்கும் வரப்புக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. இதற்குள் கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. குச்சி வரிசையும் வரப்பும் இரண்டு வழியில் போவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"எங்க, அதைக் கொடு" என்று வீரையன் இயர்போனை வாங்கி மாட்டினார். வரப்பில் நின்று கேட்டார். வயலில் நின்று கேட்டார். மறுபடி வரப்பு. மறுபடி வயல். போல்ட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறடி உருவம் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்தால், தொலைந்த கோழிக்குஞ்சைத் தேடுவது போல இருந்தது.

காத்தாயி கையை நீட்டினாள். "நானும் கேக்கணும்."

மாட்டியதும் அவள் கண் விரிந்தது. "யம்மாடி! மண்ணுக்குள்ள மினி பஸ்ஸு வருது!" நாலடி நடந்தாள். ஒரு சின்னச் சிரிப்போடு திரும்பினாள். "ஆனா பஸ்ஸு உங்க வயல்லல்ல போவுது, அண்ணே?"

வீரையன் முகம் கறுத்தது. "நான் திருடலை. எல்லாரும் கேட்டுக்கங்க. ஊர்லயே என் வரப்புதான் சுத்தமா இருக்கும். புல்லு பூண்டு இல்லாம நறுக்குனு சீவி வைப்பேன். அது ஒரு குத்தமா?"

"குத்தம் இல்லப்பா. அதுதான் காரணம்" என்றாள் பிரகதா. ஒரு விரலை நீட்டிக் காட்டினாள். "நீங்க நம்ம பக்கம் வருஷத்துக்கு ஒரு விரல் அளவு சீவுறீங்க. வரப்பு மெலிஞ்சு இடியுது. காத்தாயி அத்தை அவங்க பக்கம் ஒரு விரல் அளவு சேறு அணைக்கிறாங்க. வருஷத்துக்கு ஒரு விரல். முப்பது வருஷம். நீங்க சொன்னதும் நெசம், அவங்க சொன்னதும் நெசம். யாரும் தூக்கிட்டுப் போகலை. அதுவாவே நடந்து போயிருக்கு."

கூட்டத்தில் சிலர் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். மனசுக்குள் முப்பதால் பெருக்கியிருப்பார்கள்.

காத்தாயி ஒரு குச்சிக்கும் வரப்புக்கும் நடுவில் போய் நின்றாள். "எம் மண்ணை நானே அள்ளிப் போட்டு, எம் வயலை நானே சின்னதாக்கிருக்கேன்" என்று தன் கையைப் பார்த்தாள். அப்புறம் இயர்போனைக் கழற்றி பிரகதாவிடம் நீட்டினாள். "சரி தாயி. மிச்ச தூரத்தையும் பாரு. நாத்து நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

பதினேழாவது குச்சி வரைக்கும் பஸ் வந்தது. மோட்டார் கொட்டகைக்கு இருபதடி முன்னால், டிட் என்று ஆரம்பித்ததோடு சரி, அடுத்த அடியில் 'ம்ம்ம்' மட்டும் மிச்சம் இருந்தது. பிரகதா பின்னால் வந்தாள், பஸ் வந்தது. முன்னால் போனாள், பஸ் இல்லை. காலால் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க."

துரைராசு தோண்டினார். இரண்டடி ஆழத்தில் கேபிள் தெரிந்தது. வயல் எலி ஒன்று அதைக் கரும்பு என்று நினைத்துக் கடித்திருந்தது. கறுப்பு உறை பிய்ந்து, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. ஒரே ஒரு குழி. அதுவும் வாளி அகலத்துக்கு.

"இருபது வருஷமா இந்தத் தொழில் பாக்குறேன்" என்று துரைராசு கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "இனிமே பாப்பாவைத்தான் முதல்ல கூப்பிடணும் போல."

நாலு மணிக்கு மோட்டார் ஓடியது. குழாயில் முதலில் காற்று தும்மியது. அப்புறம் தண்ணீர் பாய்ந்து விழுந்தது. வீரையன் மண்வெட்டியோடு போய், தன் வாய்மடையை அடைத்தார். காத்தாயி வயலுக்குப் போகும் வாய்மடையைத் திறந்துவிட்டார்.

"அண்ணே, முதல்ல உங்களுக்குப் பாயட்டும்" என்றாள் காத்தாயி.

"உன் நாத்துதான் ரொம்ப மஞ்சளா இருக்கு" என்றார் வீரையன், அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்தக் குச்சியை யாரும் பிடுங்காதீங்க. ஞாயித்துக்கிழமை உழவுக்கு முன்னாடி புது வரப்பு போட்டுருவோம். நீ உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வா. நான் நூல் பிடிக்கிறேன்."

"நூலு நான் பிடிக்கிறேன். நீங்க மண்ணு அள்ளுங்க" என்றாள் காத்தாயி. வீரையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது.

அதற்குள் தெருவில் புதுப் பேச்சு கிளம்பிவிட்டது. வீரையன் மகளிடம் ஒரு டப்பா இருக்கிறதாம். யார் யார் வரப்பைத் தின்றார்கள் என்று பெயரோடு சொல்லிவிடுமாம். முப்பது வருஷக் கணக்கும் அதற்குள்ளே இருக்கிறதாம்.

ரெங்கம்மாள் தெருவைத் தாண்டி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏண்டி, அந்த டப்பா எல்லா வயலுக்கும் வேலை செய்யுமா?"

"இல்ல பெரியம்மா. அதுக்கு வரப்பெல்லாம் ஒண்ணும் தெரியாது. அடியில கம்பி இருந்தாத்தான் சொல்லும்."

ரெங்கம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒரு பெண் இப்படி ஒரே கேள்வியில் சொல்லிவிடுவாளா என்ன?

அடுத்த நாள் விடியற்காலையில் வழக்கத்துக்கு மாறாக வயலில் நிறைய ஆள் நடமாட்டம். எல்லார் கையிலும் மண்வெட்டி. யாரும் யாரோடும் பேசவில்லை. அத்தனை பேரும் பக்கத்து வயல் பக்கம் மண்ணை வெட்டி, தங்கள் பக்கம் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் வீட்டு வரப்பு மட்டும் ஒரே காலையில் ஒன்றரை அடி பின்வாங்கி அவர் வயலுக்குள்ளேயே வந்துவிட்டது.

டப்பா அன்றைக்கு பேட்டரி தீர்ந்து, பிரகதாவின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.